குறுக்கே ஒரு கயிறு



இந்த மாதத் தாளுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று தமிழ் டீச்சர் கேட்டபோது மழைநீர் சேகரிப்பு பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்தேன். அதை ஏற்கெனவே இரண்டு பேர் கொடுத்துவிட்டார்களாம். "உங்க வீட்ல நடந்த எதையாவது எழுது" என்றார். எங்கள் வீட்டில் நடந்தது ஒரு கணக்கு. கணக்கு என்றதும் ஓடிவிடாதீர்கள். பக்கத்துத் தாளில் இருக்கும் விடுகதைகளை வேண்டுமானால் முதலில் படித்துவிட்டு வாருங்கள். அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, ஆனா பேரு போடாத" என்றார்.

அரிமளத்தைச் சுற்றி என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். செம்மண்ணும் தைலமரக்காடும். அந்தக் காட்டு ஓரத்தில் எங்க ஐயாவுக்கு (அப்பாவோட அப்பா) ஒட்டினாற்போல இரண்டு கொல்லை உண்டு. மேற்கே இருப்பது மேலக்கொல்லை, கிழக்கே இருப்பது கீழக்கொல்லை. நடுவில் ஒரு வரப்பு. மழை பெய்தால் கடலை போடுவோம், பெய்யாவிட்டால் சும்மா கிடக்கும். ஐயா போன வருஷம் இறந்துவிட்டார். அவருக்கு இரண்டு மகன்கள், எங்க அப்பாவும் சித்தப்பாவும். சித்தப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். பொங்கலுக்கு வந்தபோது, "கொல்லைய ரெண்டு பேரும் பிரிச்சுக்கங்கப்பா, நான் இருக்கும்போதே முடிச்சிரணும்" என்று அப்பத்தா சொல்லிவிட்டது.

அளப்பதற்குத் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். பத்தடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட நைலான் கயிறு வைத்திருந்தார். கயிற்றின் இன்னொரு முனையைப் பிடித்தது நான்தான். மேலக்கொல்லை அச்சாகக் கட்டம் போட்ட மாதிரி இருக்கும்: நீளம் 120 அடி, அகலம் 80 அடி. கீழக்கொல்லை கோணல். அதற்கு வடக்கே 130 அடி, கிழக்கே 80, தெற்கே 110, மேற்கே 80.

பெரியவர் கணக்குப் போட்டது இப்படி. மேலக்கொல்லை 120 × 80, அதாவது 9600 சதுர அடி. கீழக்கொல்லைக்கு எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கினார். 130-ம் 110-ம் சேர்ந்து 240, பாதி 120. 80-ம் 80-ம் சேர்ந்து 160, பாதி 80. ஆக இதுவும் 120 × 80, 9600. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ரெண்டு கொல்லையும் தலைக்கு 22 சென்ட். அதோடு இன்னொன்றும் சொன்னார்: "சுத்திவந்து பாருங்க, அதுவும் 400 அடி, இதுவும் 400 அடி. முள்ளுவேலி கட்டினா ரெண்டுக்கும் ஒரே செலவு. இதுக்கு மேல என்ன வேணும்?"

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அப்பத்தா சீட்டுக் குலுக்கிப் போட, என் தம்பி எடுத்தான். எங்களுக்கு மேலக்கொல்லை, சித்தப்பாவுக்குக் கீழக்கொல்லை. சித்தப்பா மறுநாளே திருப்பூர் போய்விட்டார், லீவு இல்லை. பத்திரம் சித்திரையில் போடுவதாகப் பேச்சு.

மாசி மாதம் வகுப்பில் அளவியல் பாடம் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஹெரான் சூத்திரம் இருக்கிறது அல்லவா? எட்டாவது, ஏழாவது தம்பி தங்கைகளுக்காகச் சொல்கிறேன். முக்கோணத்தின் உயரம் தெரியாவிட்டாலும் மூன்று பக்கங்கள் தெரிந்தால் பரப்பளவு கண்டுபிடிக்கலாம். மூன்று பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் அரைச்சுற்றளவு. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் மூன்று எண்கள் கிடைக்கும். அந்த மூன்றையும் அரைச்சுற்றளவையும் சேர்த்துப் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் பரப்பளவு. எகிப்தின் அலெக்சாந்திரியா நகரத்தில் கி.பி. முதல் நூற்றாண்டில் இருந்தவர் ஹெரான். அவர் பெயரில் நமக்கு ஐந்து மதிப்பெண் வினா.

முக்கோணம் முடிந்ததும் கணக்கு சார் நாற்கரத்துக்கு வந்தார். "நாலு பக்கம் மட்டும் குடுத்திருந்தா பரப்பளவு கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டார். நான் எழுந்து, "முடியும் சார், எதிரெதிர்ப் பக்கத்தைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்கணும்" என்றேன். எங்க கொல்லையை அளந்த பெருமை! சார் சிரிக்கவில்லை. "வீட்ல போய் ஈர்க்குச்சியில ஒரு நாற்கரம் செஞ்சு பார்த்துட்டு நாளைக்குச் சொல்லு" என்றார்.

நீங்களும் செய்து பாருங்கள், இரண்டு நிமிடம்கூட ஆகாது. தென்னை ஈர்க்குச்சியை 13, 8, 11, 8 சென்டிமீட்டர் நீளத்தில் ஒடித்துக்கொண்டு, சைக்கிள் வால்வு ட்யூபைத் துண்டு துண்டாக வெட்டி மூலைகளில் சொருகினால் நாற்கரம் தயார். பத்தடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால் அதுதான் எங்க கீழக்கொல்லை. அதை எதிரெதிர் மூலையில் பிடித்து அமுக்கினேன். சப்பையாகப் போனது. இன்னும் அமுக்கினேன், கோழிக்கால் மாதிரி ஒடுங்கிப் போனது. குச்சி நாலும் அதே குச்சி, சுற்றளவு அதே 40 சென்டிமீட்டர். ஆனால் உள்ளே இருந்த இடம் மட்டும் எங்கேயோ போய்விட்டது. மூன்று குச்சியில் முக்கோணம் செய்து அமுக்கிப் பார்த்தேன். அது அசையவே இல்லை.

அப்போதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாங்கள் கீழக்கொல்லையில் நாலு ஓரத்தையும் அளந்தோமே தவிர குறுக்கே அளக்கவில்லை.

பெரியவரைக் குறை சொல்ல மாட்டேன். பிறகு சார் சொல்லித்தான் தெரிந்தது, இந்தக் கணக்கு 2000 வருஷத்துக்கும் மேல் பழசு. எகிப்தில் எட்ஃபு என்ற ஊர்க் கோயில் சுவரில் நிலங்களின் பரப்பை இதே மாதிரிதான் போட்டு வெட்டி வைத்திருக்கிறார்களாம். நம் நாட்டில் பிரம்மகுப்தர் கி.பி. 628-இல் எழுதிய நூலில் இந்த முறையைச் சொல்லி, இது தோராயம் என்றும் சொல்லிவிட்டு, துல்லியமானது என்று வேறொரு முறை கொடுத்திருக்கிறார். அது பார்ப்பதற்கு ஹெரான் சூத்திரத்தின் அண்ணன் மாதிரி இருக்கும். ஆனால் நாலு மூலையும் ஒரே வட்டத்தின் மேல் விழுகிற நாற்கரத்துக்குத்தான் அது சரிவரும். அந்தச் சூத்திரத்தில் எங்க கொல்லையைப் போட்டால் 9525 வருகிறது. அந்த நாலு பக்கங்களை வைத்துக்கொண்டு எப்படி வளைத்தாலும் அதற்கு மேல் இடம் அடைக்க முடியாது. அப்படியென்றால் 9600 என்பது நடக்கவே முடியாத எண்!

பெரியவர் போட்ட கணக்கு நாலு மூலையும் செங்கோணமாக இருந்தால்தான் சரியாக வரும். மூலை கொஞ்சம் கோணினாலும் விடை கூடுதலாகத்தான் வரும், குறைவாக ஒருபோதும் வராது. கோணல் நிலத்தை இப்படி அளந்து விற்றால் விற்கிறவருக்கு லாபம், வாங்குகிறவர் இல்லாத இடத்துக்கும் காசு கொடுக்கிறார்.

பள்ளிக்கூடம் விட்டதும் தம்பியைக் கூட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கயிற்றின் ஒரு முனையை வடமேற்கு மூலைக் கல்லில் கட்டிவிட்டுத் தென்கிழக்கு மூலைக்கு நடந்தேன். நடுவில் எருக்கஞ்செடியும் முள்ளும். தம்பி பாதியிலேயே "போலாம்க்கா" என்று ஆரம்பித்துவிட்டான். இரண்டு தடவை இழுத்துப் பிடித்து அளந்ததில் 110 அடி.

இப்போது கீழக்கொல்லை இரண்டு முக்கோணமாகிவிட்டது. ஒன்றின் பக்கங்கள் 130, 80, 110. சுற்றளவு 320, பாதி 160. அதில் 130 போக 30, 80 போக 80, 110 போக 50. 160 × 30 × 80 × 50 பெருக்கினால் 1,92,00,000. வர்க்கமூலம் ஏறக்குறைய 4382. இன்னொன்று 110, 80, 110. பாதி 150. கழித்தால் 40, 70, 40. பெருக்கினால் 1,68,00,000. வர்க்கமூலம் ஏறக்குறைய 4099. இரண்டும் சேர்ந்து 8481 சதுர அடி.

நம்பிக்கை வராமல் வரைபடத்தாளில் கவராயம் வைத்து வரைந்து கட்டம் எண்ணினேன். ஒரு சென்டிமீட்டர்க் கட்டம் ஒன்று 100 சதுர அடி. பாதிக் கட்டம், கால் கட்டம் எல்லாம் சேர்த்து 85-க்குக் கிட்டத்தட்ட வந்தது. 96 வரவே இல்லை.

சித்தப்பா கொல்லை 22 சென்ட் இல்லை, பத்தொன்பதரை சென்ட். எங்களுடையதுதான் 22. சீட்டில் எங்களுக்கு இரண்டரை சென்ட் அதிகமாக வந்துவிட்டது.

குறைந்தது எங்களுக்கு என்றால் அன்றைக்கு ராத்திரியே கத்திச் சொல்லியிருப்பேன். கூடுதலாக வந்ததால் வாய் வரவில்லை. முதலில் அம்மாவிடம் சொன்னேன். "சீட்டு எடுத்து முடிஞ்சிருச்சு. நீ எதுக்குடி இதைக் கிளப்புற? படிக்கிற வேலையப் பாரு" என்றது. அப்பாவிடம் சொன்னேன். "உன்னை யாரு அளக்கச் சொன்னா?" என்று கேட்டார். அப்படி என்னிடம் அவர் கேட்டதே இல்லை. நோட்டை மூடி வைத்துவிட்டேன். ரெண்டு நாள் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. அப்பா சாப்பிடும்போது என்னைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி அப்பா பெட்டியைத் திறந்து ஐயா பேரில் இருந்த பழைய பட்டாவை எடுத்தார். இரண்டு கொல்லையும் ஒரே சர்வே எண், இன்னும் உட்பிரிவு ஆகவில்லை. அதனால் தனித்தனியாகப் பரப்பு இருக்காது, மொத்தம்தான் இருக்கும். 17 ஏர் என்று போட்டிருந்தது. "இது எத்தனை சென்ட்டு வருது, பாருத்தா" என்றார். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 2.47 சென்ட். 17 ஏர் 42 சென்ட். பெரியவர் கணக்குப்படி மொத்தம் 44 வரவேண்டும். என் கணக்குப்படி நாற்பத்தொன்றரை. அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அன்னைக்கே ரெண்டு சென்ட்டு இடிச்சுச்சு. பட்டாவுல குறைச்சுப் போட்டிருப்பாங்கன்னு நெனச்சு விட்டுட்டேன்" என்றார்.

மறுநாள் காலையில் அப்பாவே ஒரு நாடா வாங்கி வந்தார். இந்தத் தடவை குறுக்குக் கயிற்றைக் கட்டிவிட்டு, மற்ற இரண்டு மூலைகளிலிருந்தும் அந்தக் கயிற்றுக்கு நேர் செங்குத்தாக அளந்தோம். ஒன்று 79 அடி 8 அங்குலம், இன்னொன்று 74 அடி 6 அங்குலம். இரண்டையும் கூட்டி, 110-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 8479. ஹெரான் சொன்னதற்கும் இதற்கும் ரெண்டு சதுர அடிதான் வித்தியாசம். சர்வேயர்கள் வரையும் புலப்படத்தை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நிலத்துக்குள்ளே குறுக்காக ஒரு கோடு போட்டு, அதிலிருந்து ஓரங்களுக்குச் செங்குத்துக் கோடுகள் இழுத்து, ஏணி மாதிரி எண்கள் எழுதியிருக்கும். அதற்கு அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. 1802-இல் லாம்ப்டன் என்ற வெள்ளைக்காரர் சென்னையில் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளக் கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்துவிட்டு, அங்கிருந்து நாட்டையே முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டு போனார் என்று பொது அறிவுப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஏன் முக்கோணம் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. ஈர்க்குச்சியை அமுக்கிப் பார்த்தவளுக்குத் தெரியும்.

அளந்துகொண்டிருக்கும்போது அப்பத்தா வந்து வரப்பில் உட்கார்ந்துகொண்டது. அந்தக் காலத்தில் கோல் வைத்துக் குழிக் கணக்கில் அளப்பார்கள் என்று சொன்னது. ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம், அது ஒரு குழி. 12 அடிக் கோல் என்றால் குழிக்கு 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. கோல் ஊருக்கு ஊர் மாறும், கோல் மாறினால் குழியும் மாறும். அதனால்தான் சில பழைய கோயில் சுவர்களில் கோலின் நீளத்தைக் கோடாக வெட்டி வைத்திருக்கிறார்கள். காரி நாயனார் எழுதிய 'கணக்கதிகாரம்' என்ற பழைய தமிழ் நூலில் வட்டத்துக்கும் வழி இருக்கிறது: பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கினால் பரப்பு. சூத்திரம் மறந்துபோனால் பரீட்சையில் இதைப் போடுங்கள், விடை சரியாக வரும். (சார் ஒத்துக்கொள்வாரா என்பது வேறு விஷயம்.)

அதை வைத்து நான் 400 அடி வேலிக் கம்பிக்குப் போட்டுப் பார்த்தேன். வட்டமாகக் கட்டினால் பாதிச் சுற்றளவு 200, பாதி விட்டம் ஏறக்குறைய 63.66, பரப்பு 12,732 சதுர அடி. 29 சென்ட்டுக்கு மேல்! அதே கம்பியைச் சதுரமாகக் கட்டினால் 23 சென்ட். 190-க்கு 10 என்று சந்து மாதிரி கட்டினால் நாலரை சென்ட்கூட இல்லை. எல்லாவற்றுக்கும் வேலிச் செலவு ஒன்றுதான்.

சரி, கதைக்கு வருகிறேன். இரண்டு கொல்லையும் சேர்த்து 18,081 சதுர அடி. ஆளுக்குப் பாதி என்றால் 9040. எங்களிடமிருந்து 560 சதுர அடி போகவேண்டும். நடு வரப்பின் நீளம் 80 அடி. 560-ஐ 80-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 7. வரப்பை எங்கள் பக்கம் ஏழு அடி தள்ளிப் போட்டால் தீர்ந்தது. இவ்வளவு சுலபமாக வந்ததில் எனக்குச் சந்தோஷம். அப்பா முகத்தில் அது இல்லை. வரப்புப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

வரப்பிலிருந்து நாலடி உள்ளே, வடக்கு ஓரத்திலிருந்து பத்தடியில், ஐயா வைத்த பலாமரம் நிற்கிறது.

ராத்திரி அப்பா சித்தப்பாவுக்கு போன் போட்டார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா, "அண்ணே, சீட்டுப் போட்டு எடுத்தாச்சு, விடுண்ணே" என்றார். அப்பா, "சீட்டு சரிதான்டா தம்பி. அளவு சரியில்லையே" என்றார். சித்தப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். என்னிடம் போனைக் கொடுத்தார் அப்பா. முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், ஏழு அடியையும் சொன்னேன். "அப்ப பலாமரம் என் பக்கம் வந்துருமே தாயி. அண்ணனுக்கு அந்த மரம்னா உசுராச்சே. மரத்தை விட்டுட்டு வேற பக்கம் வாங்கிக்க வழியில்லையா?" என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். வரப்பை நேராகத் தள்ளாமல் சாய்வாகப் போட்டால்? வடக்கு முனையை அசைக்காமல், தெற்கு முனையை மட்டும் 14 அடி தள்ளினால், விடுபடுவது ஒரு செங்கோண முக்கோணம். 80 × 14-இல் பாதி, அதே 560. மரத்துக்கு நேராக வரப்பு எவ்வளவு நகரும்? 80 அடிக்கு 14 என்றால் 10 அடிக்கு ஒன்றே முக்கால். மரம் நாலடியில் இருக்கிறது. தப்பித்தது!

இப்போது எங்கள் மேலக்கொல்லையும் கோணலாகிவிட்டது. வடக்கே 120, தெற்கே 106, இரண்டுக்கும் நடுவே 80. ஏழாம் வகுப்பில் படித்த சரிவகம். 120-ம் 106-ம் கூட்டிப் பாதி 113, அதை 80-ஆல் பெருக்கினால் 9040. இதையும் பெரியவர் முறையில் நாலு பக்கத்தை வைத்துப் போட்டால் 69 சதுர அடி கூடுதலாக வரும், போட்டுப் பாருங்கள். டிராக்டர் திருப்பக் கொஞ்சம் சிரமம் என்று அம்மா இன்னும் முனகிக்கொண்டிருக்கிறது. அப்பத்தா மட்டும், "கோணக் கொல்லைக்குப் பக்கத்துல கிடந்து இதுவும் கோணிக்கிச்சு" என்று சொல்லிச் சிரிக்கிறது.

சித்திரையில் சித்தப்பா வந்து புது வரப்புக்கு அவரே மண் வெட்டிப் போட்டார். பத்திரமும் முடிந்தது. உட்பிரிவுக்கு மனு கொடுத்திருக்கிறோம். சர்வேயர் இன்னும் வரவில்லை. வந்து கீழக்கொல்லையில் குறுக்கே அளக்கும்போது 110 தானா என்று பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். அன்றைக்கு லீவு லெட்டர் கொடுத்தால் வகுப்பாசிரியர் தயவுசெய்து கோபப்படக் கூடாது.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி